கத்துவது பெல்ட், காரணம் வேறு

ஐப்பசி, கார்த்திகை மாதத்து விடியற்காலைகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் ஒரு சத்தம் கேட்கும். யாரோ சாவியைத் திருப்புவார்கள்; இன்ஜின் பிடித்த மறுகணம் பானெட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு ‘கீஈஈச்’ கிளம்பும். மூன்றாம் மாடிக்காரர் புரண்டு படுப்பார். ஓரிரு நிமிடத்தில் சத்தம் தானாக அடங்கும், கார் வெளியே போகும், மறுநாள் காலை மறுபடியும் கத்தும். பகலில் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் சத்தமே இருக்காது. அவரும் பானெட்டைத் திறந்து பெல்ட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, “லூஸ் ஆயிடுச்சு சார், டைட் வெச்சிடறேன்” என்பார். வைத்தும்விடுவார். சில மாதம் அமைதி. பிறகு டைனமோ பக்கத்திலிருந்து ‘உர்ர்’ என்று வேறொரு சத்தம் ஆரம்பிக்கும்.

கத்தியது என்னவோ பெல்ட்தான். ஆனால் அது ஏன் வழுக்கியது, உண்மையில் வழுக்கத்தான் செய்ததா என்று யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கிற தண்ணீர்ப் புட்டி போதும். அந்தத் தண்ணீர் சொல்லும் பதில் புரிவதற்கு மட்டும் உராய்வைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த பெல்ட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுவது நல்லது. இன்ஜினுக்கு வெளியே, பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓடும் கறுப்பு ரப்பர் பட்டைதான் இது. கிராங்க் புல்லியிலிருந்து சுழற்சியை வாங்கி ஆல்டர்னேட்டருக்குக் கொடுக்கும். பல கார்களில் வாட்டர் பம்ப்பையும் ஏசி கம்ப்ரஸரையும், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதன் பம்ப்பையும் இதுவே சுற்றும். காற்றாடி மோட்டாரில் ஓடத் தொடங்கிப் பல காலம் ஆகியும் நம் பணிமனைகளில் இதற்கு ஃபேன் பெல்ட் என்றுதான் பெயர். ஆல்டர்னேட்டரும் அங்கே டைனமோதான். மூடிக்குள் பற்களோடு ஓடும் டைமிங் பெல்ட் வேறு ஜாதி. அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமில்லை. அதை வீட்டில் தொடவும் வேண்டாம்.

அம்பாஸடர் காலத்து பெல்ட்டின் குறுக்குவெட்டு ‘வி’ வடிவில் இருக்கும். அமெரிக்காவின் டென்வர் நகரத்து ஜான் கேட்ஸ் 1917இல் உருவாக்கிய வடிவம் அது. தடித்த ஒற்றை ஆப்பு, அதற்கேற்ற ஒற்றைப் பள்ளம். இன்றைய பெல்ட் தட்டை. உட்புறத்தில் நீளவாக்கில் நான்கோ ஐந்தோ ஆறோ மெல்லிய வரிகள் ஓடும். ஒவ்வொரு வரியும் ஒரு குட்டி ஆப்பு. மெல்லியதாக இருப்பதால் சிறிய புல்லியையும் வளைந்து சுற்றும், முதுகாலும் ஒரு புல்லியை உருட்டும். அதனால் ஒரே பெல்ட்டைப் பாம்புபோல வளைத்து எல்லாப் பாகங்களையும் ஓட்ட முடிந்தது. பெருமளவில் விற்ற கார்களில் 1979ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் இதற்கு முன்னோடி. உங்கள் பெல்ட்டின் முதுகில் ‘6 பிகே 1200’ என்கிற மாதிரி அச்சிட்டிருந்தால் ஆறு வரி, கார்களுக்கான ‘பிகே’ வடிவம், 1200 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம். வரிக்கு வரி இடைவெளி 3.56 மில்லிமீட்டர். வரியின் இரு சரிவுகளுக்கும் நடுவே 40 பாகை.

அந்த 40 பாகையில்தான் சூட்சுமம் இருக்கிறது. துறைமுகத்தில் கப்பலின் கயிற்றை இரும்புத் தூணில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, நுனியை ஒரே ஒரு ஆள் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கலாம். கப்பல் இழுக்கும் இழுப்பையெல்லாம் தூணின் உராய்வு வாங்கிக்கொள்கிறது. எத்தனை மடங்கு இழுப்பை உராய்வு தாங்கும் என்பதற்கு 18ஆம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் ஒரு சமன்பாடு கொடுத்தார். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் யோஹான் ஐடெல்வைனின் பெயரும் அதோடு சேர்ந்தது. உராய்வுக் குணகத்தையும் கயிறு சுற்றியிருக்கும் கோணத்தையும் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கல் தொகை கூடக் கூட, தாங்கும் மடங்கு அடுக்குக்குறியில் எகிறும். அதாவது உராய்வு பாதியானால் பிடிமானம் பாதியாவதில்லை, அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

கணக்காகவே பார்க்கலாம். உராய்வுக் குணகம் 0.3 என்று வையுங்கள். தட்டையான பெல்ட் ஒன்று புல்லியில் அரைச்சுற்று படிந்திருந்தால், வழுக்குவதற்கு முன் இறுகிய பக்கத்தின் இழுவிசை தளர்ந்த பக்கத்தைப்போல இரண்டரை மடங்கு வரை போகலாம். இதே ரப்பரை 40 பாகை ஆப்பாக வார்த்துப் பள்ளத்தில் இறக்கினால், பெல்ட் உள்ளே அமுங்கும்போது சரிவுகள் இருபுறமும் நெருக்கும். உராய்வு ஏறக்குறைய மூன்று மடங்கானதுபோல வேலை செய்யும். இப்போது அந்த விகிதம் கிட்டத்தட்ட 16. அதே புல்லி, அதே ரப்பர், வடிவம் மட்டும் வேறு. இனி பள்ளத்தில் ஈரம் இறங்கி 0.3 என்பது 0.15 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 என்பது 4 ஆகிவிடும்.

காலைச் சத்தத்தின் பாதிக் கதை இதில் வந்துவிட்டது. மீதிப் பாதி பேட்டரியில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்றியபோது பேட்டரியிலிருந்து ஒரு பெரிய வாய் மின்சாரத்தைக் குடித்துவிட்டது. இன்ஜின் பிடித்தவுடன் ஆல்டர்னேட்டர் அதைத் திருப்பி நிரப்பியாக வேண்டும். விடிவதற்கு முன் என்றால் ஹெட்லைட்டும் எரியும், கண்ணாடிப் பனி நீக்க புளோயரும் ஓடும். 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் கொடுக்கிறது என்றால் 700 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் அவ்வளவு உயர்ந்ததல்ல. 55 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் பெல்ட் அதற்கு 1270 வாட் அளவுக்குக் கொடுக்க வேண்டும். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்க, ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது. அதன் புல்லியின் ஆரம் 28 மில்லிமீட்டர். அந்தச் சின்ன விளிம்பில் பெல்ட் 22 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்தால்தான் இந்த வேலை நடக்கும்.

இருக்கிற புல்லிகளிலேயே சிறியது ஆல்டர்னேட்டருடையது. பெல்ட் அதை அரைச்சுற்றுகூட அணைக்காத கார்கள் உண்டு. 120 பாகைதான் அணைப்பு என்றால், உலர்ந்த பெல்ட்டுக்கு 22 கிலோவை இழுக்க சுமார் 15 கிலோ இறுக்கம் போதும். நனைந்த பெல்ட்டுக்கு 26 கிலோ வேண்டும். நாளாவட்டத்தில் இளகி 20 கிலோவில் நிற்கிற பெல்ட், வெயில் நேரத்தில் மெக்கானிக்கின் முன்னால் நல்ல பிள்ளையாக ஓடுவதும், ஈரக் காலையில் ஊரைக் கூட்டுவதும் இதனால்தான். இரண்டு நிமிடத்தில் பள்ளங்கள் காய்ந்துவிடும், ரப்பர் சூடாகிப் பிடிப்பு கூடும், பேட்டரியின் பசியும் குறையும். மூன்றும் சேர்ந்து சத்தத்தை அடக்குகின்றன. இவை உண்மைக் காரின் அளவுகள் அல்ல, எளிமையாக்கிய கணக்கு. ஆனால் போக்கு இதுதான்.

வழுக்கினால் ஏன் கத்த வேண்டும்? எண்ணெய் தடவிய தரையில் செருப்பு வழுக்கினால் சத்தம் வருவதில்லையே. ரப்பரின் குணம் அப்படி. நிலையாகப் பிடித்திருக்கும்போது அதன் உராய்வு அதிகம்; நழுவத் தொடங்கியதும் குறைந்துவிடும். அதனால் பெல்ட்டின் ஒரு துண்டு புல்லியைப் பிடிக்கும், இழுபட்டு நீளும், தாங்காமல் விடும், சுருங்கித் திரும்பி வரும், மறுபடி பிடிக்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இது நடந்தால் அது நமக்கு ஒற்றைக் கீச்சாகக் கேட்கும். வயலினில் வில் தந்தியைப் பிடித்து விடுவதும் இதே செயல்தான்; 19ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை ஆராய்ந்து எழுதினார். கதவுக் கீலும் கரும்பலகைச் சாக்பீஸும் இந்தக் குடும்பம்தான். மனிதக் காது நொடிக்கு 2000 முதல் 5000 வரையிலான அதிர்வுகளுக்கு மிகக் கூர்மையாக இருப்பது மூன்றாம் மாடிக்காரரின் துரதிருஷ்டம்.

இனி தண்ணீர்ப் புட்டிக்கு வரலாம்.

பெல்ட்டில் இரண்டு வகைச் சத்தம் உண்டு. நீளமாக, சுமை ஏறும்போது உச்சத்துக்குப் போகிற கீச்சு ஒன்று. ‘சிக்... சிக்... சிக்...’ என்று தாளம் தவறாமல் வந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வேகமாகிக் கரைந்துபோகிற குருவிக் குரல் இன்னொன்று. கேட்ட மாத்திரத்தில் பிரித்துவிடலாம் என்று தோன்றும். நடைமுறையில் பலமுறை குழம்பும். இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, பெல்ட்டின் வரியுள்ள உட்புறத்தில் ஓரிரு பீச்சுத் தண்ணீர் அடியுங்கள். எண்ணெய் கலந்த ஸ்பிரே எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர். கையைத் தள்ளியே வையுங்கள். அதற்கு முன் தோளில் துண்டோ துப்பட்டாவோ, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோ இருந்தால் கழற்றிவிடுங்கள், கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். ஓடும் பெல்ட் ஒரு நூலைப் பிடித்தாலும் ஆளையே இழுக்கும். ரேடியேட்டர் ஃபேன் சூட்டைப் பொறுத்து இன்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுற்றக் கூடியது. அதன் பக்கம் விரலே போகக் கூடாது.

தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால், பெல்ட் வழுக்குகிறது. ஏற்கெனவே போதாத பிடிமானத்தைத் தண்ணீர் இன்னும் குறைத்தது, அவ்வளவுதான். தண்ணீர் பட்டதும் சத்தம் நின்று, காய்ந்த பிறகு திரும்பி வந்தால், புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. வரி பள்ளத்துக்குள் நேராக இறங்காமல் சாய்வாக இறங்குகிறது. ஒவ்வொரு முறை நுழையும்போதும் பக்கச் சரிவில் உரசிப் பிடித்து விடுகிறது. அந்த உரசலுக்குத் தண்ணீர் மசகாகிவிட்டது. எந்த மாற்றமும் இல்லையென்றால் சத்தம் பெல்ட்டுடையதாகவே இருக்காது. ஏதோ ஒரு பேரிங்.

ஒரே தண்ணீர் ஒரு சத்தத்தைக் கூட்டி இன்னொன்றை அமுக்குவதுதான் இந்தச் சோதனையின் அழகு. முதல் இடத்தில் நமக்கு உராய்வு வேண்டும், அது குறைவாக இருக்கிறது. இரண்டாம் இடத்தில் வேண்டாத உராய்வு வேண்டாத திசையில் நடக்கிறது. மெக்கானிக் இரண்டுக்கும் ஒரே வைத்தியமாக இறுக்கினால், கோணல் புல்லியில் சாய்வாக இறங்கும் வரியின் பக்க அழுத்தம்தான் கூடும். குருவி இன்னும் பலமாகக் கத்தும்.

வழுக்கல் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, எந்தச் சுமையில் என்பது. ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டதும் கத்தினால் ஆல்டர்னேட்டர். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் முழு வளைவுக்கு ஒடித்ததும் கத்தினால் ஸ்டீயரிங் பம்ப். ஏசி சுவிட்சைத் தட்டியதும் கத்தினால் கம்ப்ரஸர். அதோடு ரப்பர் தீய்ந்த வாடையும் வந்தால் கம்ப்ரஸர் இறுகிக்கொண்டிருக்கலாம், உடனே ஏசியை அணைத்துவிடுங்கள். ஆல்டர்னேட்டர் சுமையில் மட்டும் நீண்ட நேரம் கத்தும் வண்டியில் பேட்டரியையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். உள்ளே ஒரு செல் செத்துப்போன பேட்டரி மின்சாரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் மூச்சுவிடாமல் உழைக்கும், பழி பெல்ட்டின் தலையில் விழும்.

பிறகு கசிவு. வாட்டர் பம்ப்பின் சீல் தேய்ந்து, துளித்துளியாக கூலன்ட் பெல்ட்டில் பட்டால், தண்ணீரைப்போல அது இரண்டு நிமிடத்தில் காய்ந்துபோகாது. பம்ப்பின் அடியில் பச்சையாகவோ சிவப்பாகவோ உப்புப் பூத்திருக்கும். மூக்கை நீட்டினால் இனித்த வாடை வரும். இன்ஜின் ஆயில் என்றால் இன்னும் மோசம்: ரப்பர் ஊறி உப்பிவிடும், வரிகள் மெதுமெதுப்பாகும். கசிவை அடைக்காமல் புது பெல்ட் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும். பெல்ட் விற்கிற கடைக்காரருக்கு இதில் ஆட்சேபணை இருக்காது.

கோணல் என்று தெரிந்தால் கண்ணும் ஒரு நேரான இரும்பு ஸ்கேலும் போதும். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, இரு புல்லிகளின் முகத்தில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். வரி பெல்ட் பொறுத்துக்கொள்ளும் கோணல் மீட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். இரண்டு புல்லிக்கு நடுவே 200 மில்லிமீட்டர்தான் என்றால், 1 மில்லிமீட்டர் விலகினாலே எல்லைக்கு வந்துவிட்டது. இவ்வளவு சின்ன விலகல் எங்கிருந்து வருகிறது? ஆல்டர்னேட்டரைக் கழற்றி வைண்டிங் செய்து மாட்டியபோது ஒரு வாஷர் இடம் மாறியிருக்கும். பிராக்கெட் போல்ட் தளர்ந்திருக்கும். விலை குறைவென்று வாங்கிய வாட்டர் பம்ப்பில் புல்லி ஒரு இழை வெளியே அமர்ந்திருக்கும். கடைசியாகப் பார்க்க வேண்டியது கிராங்க் புல்லி. அது ஒரே இரும்பு அல்ல. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் ஒட்டியிருக்கும், இன்ஜினின் முறுக்கு அதிர்வை விழுங்குவதற்கு. அந்த ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் தள்ளாடும். ஐட்லிங்கில் ஓடும்போது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வட்டம் நெளிவது தெரியும். அப்படித் தெரிந்தால் வண்டியை நேராகப் பணிமனைக்கு விடுங்கள்.

கோணலும் இல்லாமல், இறுக்கமும் சரியாக இருந்து, ஆனாலும் சிக் சிக் என்றால் பள்ளங்களைப் பாருங்கள். பழைய பெல்ட்டின் தூள் படிந்து மெழுகியிருக்கும். கடற்கரைக் காற்றில் நாள்கணக்கில் நின்ற வண்டியில் துரு பிடித்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் வெள்ளத்தில் நின்ற கார்களைப் போன்றவற்றில் மண்ணே இறுகியிருக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு நைலான் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு பள்ளம் பள்ளமாகத் தேய்த்துக் கழுவி உலர்த்த வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம். அது போடும் கீறல் புது பெல்ட்டை அரைக்கும்.

கழற்றிய கையோடு ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுற்றிப் பார்த்துவிடலாம். பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் புல்லியும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் புல்லியும் லேசான கனத்தோடு சுற்றி நிற்க வேண்டும். சரசரவென்று உலர்ந்த சத்தத்தோடு வெகுநேரம் சுற்றினால் உள்ளே கிரீஸ் போய்விட்டது. அசைத்தால் ஆடினால் பேரிங் போய்விட்டது. பெல்ட் இல்லாமல் இன்ஜினைச் சில நொடிகள் ஓட்டி, சத்தம் இருக்கிறதா என்று கேட்பதும் உண்டு. வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் அதைச் சில நொடிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

டீசல் கார்களில் இன்னொரு சிக்கல். கிராங்க் சீராகச் சுற்றுவதாக நாம் நினைக்கிறோம். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்புக்கும் அது துள்ளி, அடுத்ததற்குள் தளர்கிறது. ஆல்டர்னேட்டரின் கனத்த ரோட்டரோ இரண்டரை மூன்று மடங்கு வேகத்தில் சுற்றிக்கொண்டு, நினைத்த நேரத்தில் வேகம் குறைய மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே பெல்ட் முன்னும் பின்னும் இழுபடுகிறது. இதைத் தணிக்க ஆல்டர்னேட்டர் புல்லிக்குள் ஒருவழிக் கிளட்ச் வைப்பார்கள். சைக்கிள் ஃப்ரீவீலின் வேலைதான். அது இறுகிப்போனால் பெல்ட் படபடக்கும், டென்ஷனர் கை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடுங்கும். பெல்ட்டை இரண்டு தடவை மாற்றியும் சத்தம் போகாத டீசல் வண்டியென்றால் நான் முதலில் சந்தேகிப்பது இந்தப் புல்லியைத்தான். மலிவாக இருக்கிறதென்று சாதாரண புல்லியை அங்கே மாட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். சம்மதிக்காதீர்கள்.

இறுக்கம் குறைவுதான் என்று நிச்சயமானால், அதை நீங்களே சரிசெய்துகொள்ளும் வாய்ப்பு பழைய எளிய கார்களில் அதிகம். பழைய மாருதி 800, ஆம்னி போன்றவற்றில் ஆல்டர்னேட்டர் கீழே ஒரு போல்ட்டில் கதவுபோல ஆடும். மேலே நீள்துளையுள்ள ஒரு பட்டையில் இன்னொரு போல்ட் அதைப் பிடித்திருக்கும். சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, இரண்டு போல்ட்டையும் சற்றே தளர்த்துங்கள். ஒரு கட்டையால் ஆல்டர்னேட்டரின் கனத்த பகுதியில் நெம்பி வெளிப்பக்கம் தள்ளிப் பிடித்தபடி மேல் போல்ட்டை இறுக்குங்கள். பிறகு கீழ் போல்ட். மெல்லிய அலுமினிய உறையில் இரும்புக் கம்பியை வைத்து நெம்பினால் விரிசல் விழும்.

எவ்வளவு இறுக்கம் என்பதற்குக் கட்டைவிரல் ஞானம் மட்டும் போதாது. ஜப்பானிய வழிவந்த பல கார்களின் கையேடுகளில், பெல்ட்டின் குறிப்பிட்ட இடத்தில் 10 கிலோ விசையில் அழுத்தினால் இத்தனை மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்று போட்டிருக்கும். புது பெல்ட்டுக்கு ஓர் அளவு, ஓடிப் பழகியதற்கு வேறு அளவு. 10 கிலோ எப்படியிருக்கும் என்று தெரிய, உடல் எடை பார்க்கும் மெஷினைக் கட்டைவிரலால் அழுத்தி முள் 10இல் நிற்கும்வரை கையைப் பழக்கிக்கொள்ளலாம். அளவைத் தாண்டி இறுக்கினால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றின் பேரிங்குகள் நாள் முழுக்கப் பக்கவாட்டு இழுப்பைச் சுமக்கும். முதலில் சொன்ன அந்த ‘உர்ர்’ அங்கிருந்து வருவது. புது பெல்ட் சில நாள் ஓடியதும் பள்ளத்தில் படிந்து கொஞ்சம் இளகும். ஒருமுறை மீண்டும் அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் டென்ஷனர் உள்ள கார்களில் நீங்கள் இறுக்குவதற்கு எதுவுமில்லை. அதன் உடலில் கோடுகள் பொறித்திருப்பார்கள். காட்டுமுள் அந்தக் கோடுகளுக்குள் நின்றால் சரி. தாண்டிவிட்டால் பெல்ட் நீண்டுவிட்டது, இல்லையேல் ஸ்பிரிங் களைத்துவிட்டது. டென்ஷனரும் இல்லாமல், நீள்துளையும் இல்லாமல் ஒரு பெல்ட் கச்சிதமாக உட்கார்ந்திருந்தால் அது நீட்டி மாட்டும் இழுவை பெல்ட். அதை மாட்டத் தனிக் கருவி உண்டு. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே ஓடும் இழைகள் அறுந்துவிடும். கழற்றியதைத் திரும்ப மாட்டவும் கூடாது.

பெல்ட்டே குற்றவாளியாக இருப்பதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் பழைய வழி இப்போது பலிப்பதில்லை. முன்பு பெல்ட்டுகள் நியோப்ரீன் என்ற ரப்பரில் வந்தன. அமெரிக்காவில் 1930 வாக்கில் டூபான்ட் நிறுவனத்து வேதியியலாளர்கள் உருவாக்கிய பொருள் அது. வயதானால் வரிகளின் குறுக்கே விரிசல் விடும். திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இபிடிஎம் என்ற வேறு ரப்பர் இடம்பிடித்துவிட்டது. அது லேசில் விரிசல் விடாது. டயரின் பட்டன்போல மெல்ல மெல்லத் தேயும். கண்ணுக்குப் புதிதாகவே தெரியும். வரிகளின் நடுப்பள்ளம் அகலமாகி, வரி புல்லியின் அடித்தளத்தையே தொட ஆரம்பிக்கும். தொட்டுவிட்டால் ஆப்பு நெருக்குவதில்லை. மேலே போட்ட கணக்கில் 16 என்பது இரண்டரையை நோக்கிச் சரிகிறது. தண்ணீர் வெளியேற இடமும் இருப்பதில்லை. மொத்தத்தில் 5 சதவீத ரப்பர் தேய்ந்தாலே வழுக்கலும் சத்தமும் வரலாம் என்று பெல்ட் தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். புது பெல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பள்ளங்களை ஒப்பிட்டால் தேய்மானம் புரியும். வரிகளின் சரிவு கண்ணாடிபோல மின்னினால், வழுக்கி வழுக்கிச் சூட்டில் மெருகேறிவிட்டது. இனி எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்து அதே வரி, அதே நீளத்தில் வாங்குங்கள். “இது ஒரு சைஸ் கம்மி, நல்லா டைட்டா உக்காரும்” என்ற பேச்சைக் காதில் வாங்க வேண்டாம்.

சோப்புக்கட்டியைத் தேய்ப்பது, பவுடர் தூவுவது, பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்பிரே அடிப்பது எல்லாம் நடக்கின்றன. சத்தம் நிற்கும், உண்மைதான். பிசின்போன்ற பூச்சு புழுதியைப் பிடித்துப் பள்ளத்தில் படியவைக்கும், பிறகு கோணலில்லாத பெல்ட்டும் சிக் சிக் என்னும். அதைவிட மோசமானது, சத்தத்தை அடக்கிவிட்டதால் கசிகிற பம்ப்பையோ ஆடுகிற டென்ஷனரையோ யாரும் தேடமாட்டார்கள். ஒரு நாள் நெடுஞ்சாலையில் டப்பென்று பெல்ட் அறும். டாஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும். வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில் ஓடும் வண்டியென்றால் அடுத்து வெப்பமுள் ஏறும்; ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அம்பாஸடர்காரர்கள் டிக்கியில் ஒரு உபரி ஃபேன் பெல்ட் வைத்திருப்பார்கள், பத்து நிமிடத்தில் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஏழெட்டு புல்லிகளைச் சுற்றி வளைந்தோடும் இன்றைய பெல்ட்டில் அது நடக்காது. அதன் ஓடுபாதைப் படத்தை பானெட்டின் உட்புறத்திலோ கையேட்டிலோ இருந்து கைபேசியில் எடுத்துவைத்துக்கொண்டால் போதும், சாலையோரப் பணிமனைக்காரருக்கு அரைமணி நேரம் மிச்சம்.

புதிதாக ஒரு வகை வண்டி வந்திருக்கிறது; அதில் மேலே சொன்ன கைவேலை எதையும் முயல வேண்டாம். 2015இல் மாருதி சியாஸ் கொண்டுவந்த ஸ்மார்ட் ஹைபிரிட் போன்ற ஏற்பாட்டில் ஆல்டர்னேட்டரே மோட்டாராகவும் வேலை செய்கிறது. சிக்னலில் நின்றுபோன இன்ஜினை பெல்ட் வழியாகவே சுற்றிக் கிளப்புகிறது. ஏறும்போது ஒரு தள்ளும் கொடுக்கிறது. அப்போது கிராங்க் பெல்ட்டை இழுப்பதற்குப் பதில் பெல்ட் கிராங்கை இழுக்கிறது. இறுகிய பக்கமும் தளர்ந்த பக்கமும் கணத்தில் இடம் மாறிக்கொள்கின்றன. ஒரு பக்கம் மட்டும் அழுத்தும் சாதாரண டென்ஷனர் இதற்குப் போதாமல், இரு பக்கமும் பிடிக்கும் டென்ஷனர்களும் வந்துவிட்டன. அந்த வண்டி காலையில் சாவி போட்டதும் கத்தாமல், ஒவ்வொரு சிக்னலிலும் மறுபடி கிளம்பும் கணத்தில் மட்டும் கத்தினால், அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்து இறுக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது பணிமனையில் உள்ளவருக்கு அதிலிருந்தே தெரிந்துவிடும்.